செயலாளர் ஆண்டறிக்கை: 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கடந்த ஓராண்டில் நம் சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். எதிர்சேவை அன்று தல்லாகுளத்தில் நீர்மோர்ப் பந்தல் போட்டோம். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டு நாளும் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். கண் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. பொங்கலுக்குக் கோலப்போட்டி. மாலை நேர ட்யூஷன் வகுப்பு தடையில்லாமல் நடந்துவருகிறது. கல்வி உதவித்தொகை 26 மாணவ மாணவியருக்கு வழங்கப்பட்டது. இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த இரண்டு மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறோம்.

இனி, நம் இணையதளத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி திருத்தியமைத்த வேலைக்கு வருகிறேன். இந்த ஆண்டு என் நேரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போனது. "ஒரு வெப்சைட்டுக்கு இவ்வளவு நாளா, இவ்வளவு செலவா" என்று சிலர் என் காதுபடவே பேசினார்கள். அதனால் நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிடுகிறேன்.

போன ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருநகர் 3-வது பஸ் ஸ்டாப்பில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு ஒரு மாணவி நம் அலுவலகத்துக்கு வந்தார். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். பிறவியிலேயே பார்வை இல்லை. மதுரையில் விடுதியில் தங்கி பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறார். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்திருந்தார். விண்ணப்பங்களை இணையதளம் வழியாக மட்டுமே வாங்குவது என்று முந்தின ஆண்டு தீர்மானம் போட்டவர்கள் நாம்தான். "ஃபோன்லயே போட்டிருக்கலாமேம்மா, எதுக்கு இவ்வளவு தூரம் அலைஞ்சீங்க?" என்று கேட்டேன். "போட்டுப் பார்த்தேன் சார். உங்க சைட்டு என்கிட்ட பேசவே மாட்டேங்குது" என்றார்.

இயர்ஃபோனைக் கழற்றி, சத்தத்தைக் கூட்டி, ஃபோனை என் மேசை மேல் வைத்தார். ஆண்ட்ராய்டு ஃபோன்களில் டாக்பேக் என்று ஒரு வசதி உண்டு. விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறதோ அதை வாய்விட்டுப் படிக்கும். சங்கத்தின் பெயர், முத்திரை, நிறுவனர் படம் எல்லாம் சேர்ந்த நம் பேனருக்கு அது "படம்" என்றது. அடுத்ததற்குத் தள்ளினார். "படம்." அதற்கடுத்ததும் "படம்." மெனுவுக்கு "பெயரில்லாத பட்டன்." கல்வி உதவித்தொகை என்று நாம் பெரிதாகப் போட்டிருந்த தலைப்பில் விரல் வைத்ததும், ஆங்கிலக் குரலில் "எஃப், ஒய், டி, பி" என்று என்னவோ ஒப்பித்தது. கடைசியில், வளைந்து நெளிந்த எழுத்துகளைப் பார்த்து அடிக்கச் சொல்லும் கேப்சா கட்டம். அதற்கும் "படம்." அதற்கு மேல் போக வழியில்லை.

அன்று அவருடைய விண்ணப்பத்தை நானே பேனாவால் நிரப்பினேன். அப்பாவின் வருமானம், வங்கிக் கணக்கு எண், வீட்டில் யார் யார் என்பதையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்ல, நான் எழுதினேன். அலுவலகத்தில் அப்போது வேறு நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற பிள்ளைகள் வீட்டில் இருந்தபடி யாருக்கும் தெரியாமல் நிரப்பும் விவரங்கள் அவை. அது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த "எஃப், ஒய், டி, பி" எங்கிருந்து வந்தது என்று பார்த்தோம். தளம் தொடங்கியபோது அச்சகத்தில் நோட்டீஸுக்கு பாமினி எழுத்துருவில் அடித்ததையே அப்படியே ஏற்றியிருக்கிறோம். பாமினியில் "கல்வி" என்று கண்ணுக்குத் தெரிந்தாலும், உள்ளே பதிவாகியிருப்பது எஃப், ஒய், அரைப்புள்ளி, டி, பி என்ற ஆங்கில விசைகள்தான். கண் தமிழைப் பார்க்கும். படிக்கும் கருவி ஆங்கிலத்தைத்தான் பார்க்கும். எல்லாக் கருவிகளும் தமிழைத் தமிழாகவே அறியும் பொதுக் குறியீட்டு முறைக்கு யூனிகோடு என்று பெயர். 2010-லேயே தமிழக அரசு அதை ஏற்று ஆணையிட்டுவிட்டது. நாம் 14 ஆண்டு தாமதம்.

ஏறத்தாழ 160 பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றினோம். மாற்றுவதற்கு கன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே எழுத்துருவில் இல்லை. தாளில் மட்டும் இருந்த விதிமுறைகளை ஸ்கேன் செய்து, படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் கண்டு தட்டச்சு எழுத்தாக்கும் ஓசிஆர் மென்பொருளில் போட்டு எடுத்தோம். திரையில் பார்த்தால் ஒரு பிழையும் இல்லை. மாணவியின் ஃபோனில் போட்டுக் கேட்டால், "என்று" வர வேண்டிய இடத்திலெல்லாம் "ஏழு" என்றது. ஓசிஆர், "எ" என்ற எழுத்துக்குப் பதிலாகத் தமிழ் எண் "௭"-ஐப் போட்டிருக்கிறது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் நம்மில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. காதால் படிப்பவர்தான் கண்டுபிடித்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான நம் உறுப்பினர் இரண்டு மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திருத்திக் கொடுத்தார்.

படங்களுக்கு விவரம் எழுதும் வேலை இன்னொரு பக்கம். நிறுவனர் படத்துக்கு அவருடைய பட்டங்கள் அத்தனையும் சேர்த்து எழுத வேண்டும் என்று குழுவில் ஒருவர் வலியுறுத்தினார். பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதையெல்லாம் கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று எடுத்துச் சொல்லி, பெயரோடு நிறுத்தினோம். பட்டங்கள் வரலாற்றுப் பக்கத்தில் இருக்கின்றன, குறையொன்றும் இல்லை. என்ன எழுதினால் போதும் என்று மாணவியிடமே கேட்டேன். "யாரு, என்ன செய்றாங்க, அது போதும் சார். 'இந்தப் படத்தில்'னு ஆரம்பிக்காதீங்க. படம்னு ஃபோனே சொல்லிடும்" என்றார். அப்படியே செய்தோம்.

விண்ணப்பத்தில் கேப்சாவை எடுத்துவிட்டோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் கொடுத்தோம். தவறு இருந்தால் சிவப்பாகக் காட்டுவதோடு நிற்காமல், எந்தக் கட்டத்தில் என்ன தவறு என்று எழுத்திலும் சொல்லும்படி செய்தோம். மவுஸ் பிடிக்க முடியாதவர்கள் டேப் விசையை மட்டும் அழுத்தியே கடைசி வரை போகலாம். காது கேளாதவர்களுக்காக முகாம் வீடியோவுக்கு வசன வரிகள் சேர்த்தோம். 12 நிமிடப் பேச்சைக் கேட்டு எழுத எனக்கு ஒரு மாலை முழுக்க ஆனது. மஞ்சள் பின்னணியில் இருந்த வெள்ளை எழுத்தையும் மாற்றினோம். இணையத் தரங்களை வகுக்கும் உலக அமைப்பான டபிள்யூ3சி-யின் நெறிமுறைப்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். இதனால் நம் மூத்த உறுப்பினர்களுக்கும் நன்மை. கண்புரை அறுவை செய்துகொண்ட ஒருவர், இப்போதுதான் கூட்ட அறிவிப்பைப் பேரனைக் கூப்பிடாமல் படிக்கிறேன் என்று ஃபோன் செய்தார்.

ஒரே ஒரு பட்டனை வாங்கி ஒட்டியிருந்தால் ஒரே நாளில் வேலை முடிந்திருக்குமே என்று கேட்டவர்களுக்கும் பதில் சொல்கிறேன். சக்கர நாற்காலி படம் போட்ட அந்தப் பட்டனை விற்க ஒருவர் வந்தார், ஆண்டுக் கட்டணமும் சொன்னார். அது எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும். பாமினியை யூனிகோடு ஆக்காது. படத்தில் இருப்பவர் யார் என்று அதற்குத் தெரியாது. மாணவியிடம் கேட்டபோது, அப்படிப்பட்ட பட்டன் வைத்த தளங்களில் தன் டாக்பேக்கே தடுமாறுகிறது என்றார். அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த முடிவு என்னுடையது, அதற்கு நான் பொறுப்பு.

இதெல்லாம் கட்டாயமா என்றும் கேட்டார்கள். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 21 வகைக் குறைபாடுகளை அது கணக்கில் எடுக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், இணைய வசதிகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வங்கிச் சரிபார்ப்புக்குக் கண்ணைச் சிமிட்டச் சொன்னபோது சிமிட்ட முடியாமல் போன, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கு அது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். உதவித்தொகை தருகிறோம் என்று அறிவித்துவிட்டு, தேவை அதிகம் உள்ள பிள்ளை உள்ளே வர முடியாதபடி வைத்திருந்தோம். எனக்கு அதுவே போதுமான காரணம்.

பிப்ரவரியில் அந்த மாணவி விடுதித் தோழிகள் இருவரோடு வந்து தளத்தைச் சோதித்துக் கொடுத்தார். தோழிகளில் ஒருவர் லேப்டாப்பில், திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் என்விடிஏ பயன்படுத்துகிறார். 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் உருவாக்கத் தொடங்கி, இன்றும் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் அது. எச் விசையை அழுத்தினால் தலைப்பு தலைப்பாகத் தாவும். பழைய தளத்தில் தலைப்புகள் வெறும் தடித்த எழுத்துகளாக இருந்ததால் தாவ இடமே இருக்கவில்லை. இப்போது தட தடவென்று தாவி, விண்ணப்பத்தைத் திறந்து, 11 நிமிடத்தில் நிரப்பி அனுப்பினார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவர் அப்பாவின் வருமானம் என்னவென்று எனக்குத் தெரியாது.

இந்த வேலைக்கு 9 பேர் பெயர் கொடுத்தீர்கள். தொடர்ந்து வந்தவர்கள் 3 பேர். நிர்வாகக் குழு ஆண்டுக்கு 12 முறை கூட வேண்டும். 5 முறை கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை, இல்லாமல் கலைந்தோம். கேப்சாவை எடுக்க ஒப்புதல் வாங்கவே ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை காத்திருந்தேன். வெளியூர்ப் பயணம், உடல்நலம், வீட்டு விசேஷம் என்று எல்லாருக்கும் காரணம் இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் வர முடியாது என்று முந்தின நாள் ஒரு வார்த்தை சொன்னால், வந்த நான்கு பேர் ஒன்பது மணி வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

சந்தா விஷயமும் சொல்லியாக வேண்டும். ஆண்டுச் சந்தா 600 ரூபாய். 84 உறுப்பினர்களில் 37 பேர் இந்த ஆண்டுக்குச் செலுத்தவில்லை. சிலர் மூன்று ஆண்டுகளாகவே. மன்ற வாசலில் சாய்தளம் கட்டியபோது சிமெண்ட் மூட்டையும் மணலும் போட்டி போட்டுக் கொடுத்தவர்கள் நீங்கள். அந்த மனம் இன்னும் இருக்கிறது என்றே நம்புகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு போன ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, செலவு சற்று அதிகம், கையிருப்பு சமாளிக்கும் அளவில் இருக்கிறது. தளத்தைச் சீரமைத்த இளைஞருக்குக் கொடுத்த தொகை இதரச் செலவில் சேர்ந்திருக்கிறது. தணிக்கையாளர் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார்.

தலைவருக்கும், துணைத்தலைவர்களுக்கும், பொருளாளருக்கும், முகாமுக்கு இடம் கொடுத்த பள்ளி நிர்வாகத்துக்கும், நன்கொடையாளர்களுக்கும், ஒலிபெருக்கி அமைத்தவர்களுக்கும், பத்திரிகை நண்பர்களுக்கும் நன்றி. சோதித்துக் கொடுத்த மூன்று மாணவிகளுக்கும் பஸ் செலவுக்கு மேல் நாம் எதுவும் தரவில்லை. அடுத்த ஆண்டு இதை வேலையாகக் கருதி ஊதியம் தர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன்.

அடுத்த ஆண்டைப் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறேன். இது ஒரு தடவை செய்து முடிக்கும் வேலை இல்லை. மார்ச்சில், பொதுக்குழு நாளை அறிவிக்கும் நோட்டீஸை நம் உறுப்பினர் ஒருவர் நல்ல எண்ணத்தோடு ஒரே படமாகத் தளத்தில் ஏற்றினார். அடுத்த நாளே மாணவி ஃபோன் செய்தார்: "சார், மறுபடியும் படம்னுதான் சொல்லுது." இனி எந்த அழைப்பிதழாக இருந்தாலும் எழுத்து வடிவமும் கூடவே போக வேண்டும். பழைய பிடிஎஃப் கோப்புகள் 40-க்கு மேல் இன்னும் ஸ்கேன் படங்களாகவே கிடக்கின்றன. வாரம் இரண்டு மணி நேரம் தட்டச்சு செய்ய நான்கு பேர் வேண்டும். வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் அனுப்பிவையுங்கள், நான் சொல்லித்தருகிறேன். என் பதவிக்காலம் இன்னும் ஓராண்டு இருக்கிறது. அதற்குள் யாராவது கூடவே இருந்து கற்றுக்கொண்டால், அப்புறம் வரும் செயலாளருக்குச் சிரமம் இருக்காது.

பொருளாளர் வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறார். ரசீதுப் புத்தகமும், தட்டச்சுக்குப் பெயர் எழுதும் நோட்டும் அங்கேயே இருக்கின்றன.

இப்படிக்கு,
செயலாளர்
திருநகர், மதுரை