வண்டியை ஓரம் கட்டிய அண்ணனுக்கு

9 மணி நேரப் பயணம். தாயையும் கூடப்பிறந்தவற்றையும் பிரிந்து வந்த 8 வார நாய்க்குட்டி என் மடியில் நடுங்கிக்கொண்டே இருந்தது. கிளம்பும் முன் வயிறு நிறைய ஊட்டியிருந்தேன். அதுதான் தவறு என்று எனக்கு அப்போது தெரியாது.

அதன் வாயில் எச்சில் ஒழுகுவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, நான் கேட்காமலேயே வண்டியை ஓரம் கட்டினீர்கள். "வாந்தி வரப்போகுது தம்பி, கொஞ்சம் காத்து படட்டும்." சொல்லி முடிப்பதற்குள் எடுத்துவிட்டது. சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் துண்டைத்தான் நீட்டினீர்கள்.

பாவமே என்று தரையில் விடப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தீர்கள். "ஊசி எல்லாம் இன்னும் முடியல. மத்த நாய்ங்க நடமாடுற இடம், பார்வோன்னு ஒரு வைரஸ் நோய் ஒட்டிக்கும்." வண்டிக்குள்ளேயே செய்தித்தாள் விரித்துக் கொடுத்தீர்கள். பாட்டில் மூடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் காட்டினீர்கள். அதன்பின் ஒவ்வொரு வளைவிலும் வண்டி எவ்வளவு மெதுவாகத் திரும்பியது என்பதைக் கவனித்துக்கொண்டே வந்தேன், அண்ணா.

இறங்கிய அவசரத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அந்தத் துண்டு இப்போது இவன் படுக்கையில் கிடக்கிறது. அது இல்லாமல் தூங்க மாட்டேன் என்கிறான். இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கள். இவனைப் பார்க்க ஒருநாள் வாருங்கள்.