புதன்கிழமைப் பின்னேரம்

அன்பு மகளுக்கு,

கொம்மா சுகம். மாமரம் பூத்திருக்கு. மற்றப் புதினம் பிறகு.

ஞாயிறு இங்க யாழ்ப்பாணத்தில நடந்த டொக்டர்மாற்ற படிப்புக் கூட்டத்துக்கு நீ வரேல்லையாம். குறையாச் சொல்லேல்லை. கிளிநொச்சியில தனியாக் கிளினிக் நடத்திறவள் கதவைப் பூட்டினால் அண்டைக்கு வருமானம் இல்லை, மருந்து குடுக்கிற பிள்ளையின்ர சம்பளம் மட்டும் நிக்காது. கொழும்பெண்டால் ஒரு நாள் வகுப்புக்கு ரெண்டு இரவு பஸ்ஸில. சூமில ஏழு மணிக்கு வைப்பினம். ஏழு மணிக்குத்தான் வேலை முடிஞ்சு சனம் வாறது. அதிலயும் ஸ்பெஷலிஸ்ட் தன்ர வாட்டில கண்ட அபூர்வ வருத்தத்தைப் பேசுவார். உனக்கு வேண்டியது, நாலாம் நாள் காய்ச்சலோட வாறவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிறதோ, வைச்சுப் பார்க்கிறதோ எண்டது.

2024 மார்கழியில இங்க எலிக்காய்ச்சல் சனத்தைக் கொண்டுபோனதை மறந்திடாதை. டெங்குக்குப் பழகின கண்ணுக்கு அது பிடிபடாது. வயல் வெள்ளத்துக்குள்ள இறங்கினவனோ எண்டு கேள். கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு, மூத்திரம் குறையுதோ எண்டு பார்.

மேசையில ஒரு கொப்பி வை. நோயாளி முன்னால பதில் தெரியாமல் நிண்ட கேள்வியை அப்பவே எழுது, கிழமைக்கு மூண்டு போதும். புதன்கிழமைப் பின்னேரம் பக்கத்து டொக்டரோட மாறிப் பார்க்கிற ஒழுங்கு செய்து, அதை மட்டும் வாசி. மாதம் ஒருக்கா இருபது சலரோகக்காரரின்ர பதிவு அட்டையை எடு. ஒரு வருஷத்துக்குள்ள சிறுநீரகத்துக்கான இரத்தச் சோதினை, கிரியற்றினின் பார்த்ததோ, கண்ணுக்கு அனுப்பினதோ, செருப்பைக் கழட்டிக் கால் பார்த்ததோ? சிறுநீரகம் வடிக்கிற அளவு, அந்த ஈ.ஜி.எப்.ஆர். 45க்குக் கீழ எண்டால் சலரோகக் குளிசை மெட்போமினைக் குறைக்க வேணும், 30க்குக் கீழ நிப்பாட்ட வேணும். அது பார்க்காமலே எத்தினை பேருக்குக் குளிசை போகுது எண்டு எண்ணு. எதைப் படிக்கிறது எண்டு அந்த அட்டையளே சொல்லும். ஆனால் புதனைத் தவறவிடாதை.

கொம்பனிக்காரர் சாப்பாட்டோட வைக்கிற பேச்சைப் படிப்பெண்டு எண்ணாதை. புது மருந்தைத் துவங்கச் சொல்லுவினம், பழசை எப்ப நிப்பாட்டிறது எண்டு சொல்லாயினம்.

அதைச் சொல்ல எனக்கு வாயில்லை. இருதய வருத்தம் வராதவைக்குத் தடுப்பா அஸ்பிரின் குடுத்தால் நன்மை சொற்பம், இரத்தக்கசிவு கூட எண்டு 2018இல மூண்டு பெரிய ஆய்வு வந்தது. நான் கிளினிக்கைப் பூட்டுமட்டும் வயது போனவைக்கு எழுதிக்கொண்டிருந்தனான். நேரமில்லாமலில்லை. சனம் கையெடுத்துக் கும்பிடுற டொக்டர் இனி ஆரிட்டப் படிக்கிறது எண்ட மிதப்பு. நீ ஒருநாள் கேட்டனி, இவைக்கு ஏன் அப்பா அஸ்பிரின் எண்டு. நான் நோயாளிக்கு முன்னால உன்னில சத்தம் போட்டனான். அதுக்குப் பிறகு நீ என்னட்ட மருந்தைப் பற்றி ஒண்டும் கேட்டதில்லை. நீ கேட்டது சரி, பிள்ளை.

குடும்ப மருத்துவ டிப்ளோமாவுக்கு விண்ணப்பம் போட்டனியோ? போடேல்லை எண்டாலும் எழுது. சோதினை முடியுமட்டும் பேரனைக் கொம்மா வந்து பார்ப்பா. புதன்கிழமையள் நானும் வாறன். கொப்பியைக் கொண்டுவா, நானும் வாசிக்க வேணும்.

அப்பா