ஜெட்டியில் ஓடியது டாம்கேட்டில் ஏன் மக்கர் பண்ணுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜாவாவில் எழுதியதை பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித் தரும் கூகுள் வெப் டூல்கிட் (ஜிடபிள்யூடி) பற்றித் தங்கள் கணினிப் பக்கத்தில் வந்த கட்டுரை, "எழுதி முடித்ததும் வார் கோப்பை டாம்கேட்டில் போட்டால் போதும்" என்று ஒரே வரியில் வேலையை முடித்துவிட்டது. (வார் என்பது செயலி முழுவதையும் கட்டிய ஒற்றைக் கோப்பு; டாம்கேட் அதை ஓட்டும் ஜாவா சர்வர்.) புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்வதே அந்த வரியில்தான்.

டூல்கிட்டுக்குள் இருக்கும் ஜெட்டி என்ற சிறு சர்வர் சோதித்துப் பார்க்க மட்டுமே. அலுவலக சர்வரில் ஜேஎன்டிஐ (சர்வரில் பதிந்துவைத்ததைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் ஜாவா வசதி) வழியாக வரும் டேட்டாபேஸ் இணைப்புகளும் லாகின் ஏற்பாடும் அங்கே அப்படியே இருக்காது. அதனால் கடைசி வாரத்தில் சர்வரை மாற்றித் தவிப்பதைவிட, முதல் நாளிலிருந்தே டாம்கேட்டில் ஓட்டுவது மேல்.

டூல்கிட்டின் டெவ்மோடை (எழுதும்போதே ஓட்டிப் பார்க்கும் நிலை) 'நோசர்வர்' தெரிவோடு தொடங்கினால் ஜெட்டி எழாது. 'ஸ்டார்ட்அப்யூஆர்எல்' தெரிவில் 8080 போர்ட், செயலியின் பெயர், பக்கத்தின் பெயர் எல்லாம் சேர்த்து முழு முகவரி தர வேண்டும். 'வார்' தெரிவில், டாம்கேட் படிக்கிற அதே விரித்த போல்டரைக் காட்ட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 2.7 பதிப்பிலிருந்து டெவ்மோடில் சூப்பர் டெவ் மோடுதான் (திருத்திய கோடை அவ்வப்போது மறுபடி கம்பைல் செய்து தரும் முறை) இயல்பு நிலை. அது 'நோகேச்.ஜேஎஸ்' என்று முடியும் சின்னக் கோப்பு ஒன்றை அந்த போல்டரில் எழுதிவைக்கும். அதைப் படித்துத்தான் பிரவுசர் 9876 போர்ட்டில் உள்ள, கம்பைல் செய்த கோடைத் தரும் கோட் சர்வரிடம் போகும். கோப்பு வேறு போல்டரில் விழுந்தால், கோடை எத்தனை முறை திருத்தினாலும் திரையில் பழைய பக்கமே நிற்கும்.

பக்கம் ஒழுங்காக வந்த பிறகும் முதல் ஆர்பிசி அழைப்பு (பிரவுசர் சர்வரில் உள்ள ஜாவா மெத்தடைக் கூப்பிடுவது) விழக்கூடும். 'ஜிடபிள்யூடி.ஆர்பிசி' என்று முடியும், எந்த வகுப்புகளை அனுப்பலாம் என்று சொல்லும் பாலிசி கோப்பைக் காணவில்லை என்று டாம்கேட் லாகில் பதிவாகும். கோப்பு தொலையவில்லை, கோட் சர்வரிடம் இருக்கிறது. டாம்கேட்டின் 'பின்' போல்டரில் 'செட்என்வ்' கோப்பில் (இல்லாவிட்டால் உருவாக்கி), 'ஜிடபிள்யூடி.கோட்சர்வர்.போர்ட்' என்ற ஜாவா சிஸ்டம் பிராப்பர்ட்டிக்கு 9876 கொடுத்து டாம்கேட்டை மறுபடி தொடங்கினால் சரியாகும். டாம்கேட் அதை லோக்கல்ஹோஸ்டில்தான் தேடும். எனவே டாம்கேட்டை டாக்கர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு கோட் சர்வரை வெளியே ஓட்டினால் பலிக்காது. மக்கள் பயன்படுத்தும் சர்வரில் இந்த வரி இருக்கவே கூடாது.

லைவ் சர்வரில் வருவது வேறு சிக்கல். டாம்கேட்டுக்கு முன்னால், கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ் சர்வரை வைத்து, வெளியே ஒரு பாதை, உள்ளே டாம்கேட்டில் வேறு பாதை என்று வைத்தால், பிரவுசர் அனுப்பும் மாட்யூல் முகவரியும் சர்வ்லெட்டின் (அழைப்புக்குப் பதில் தரும், சர்வரில் ஓடும் ஜாவா வகுப்பு) பாதையும் ஒத்துப்போகாது. சர்வர் பாலிசி கோப்பை விட்டுவிட்டுப் பழைய 1.3.3 விதிக்குத் திரும்பும். உடனே சீரியலைசேஷன் (ஜாவா பொருள்களை அனுப்பும் வடிவுக்கு மாற்றுவது) பிழைகள் கொட்டும். இரண்டு பக்கமும் ஒரே பாதை வைப்பதுதான் எளிய வழி. முடியாவிட்டால் சர்வ்லெட்டில் 'டூகெட்சீரியலைசேஷன்பாலிசி' மெத்தடை நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

ஜார் (ஜாவா நூலகக் கோப்பு) விஷயமும் உண்டு. வாரின் லிப் போல்டரில் 'ஜிடபிள்யூடி-சர்வ்லெட்' ஜார்தான் போக வேண்டும், 'ஜிடபிள்யூடி-யூசர்' அல்ல. டாம்கேட் 10 முதல் சர்வ்லெட் வகுப்புகளின் பேக்கேஜ் பெயரில் 'ஜாவாக்ஸ்' போய் 'ஜகார்த்தா' வந்துவிட்டதால், பழைய ஜாரை அங்கே போட்டால் சர்வ்லெட் வகுப்பே இல்லை என்று செயலி விழும். ஜகார்த்தாவுக்கான தனி ஜார் 2024 ஜனவரியில் வந்த 2.11 பதிப்பிலிருந்துதான் கிடைக்கிறது. அதற்கும் பழைய பதிப்பு என்றால் டாம்கேட் 9-ஐ விடாதீர்கள்.

கட்டுரை தொடாத இன்னொன்று கேச், அதாவது கோப்புகளைச் சேமித்துவைத்து மறுபடி பயன்படுத்துவது. கம்பைல் செய்த கோட் இருக்கும் 'கேச்.ஜேஎஸ்' கோப்புகளின் பெயரே உள்ளடக்கத்தைப் பொறுத்து மாறும், ஒரு வருடம்கூட பிரவுசரில் கிடக்கலாம். 'நோகேச்.ஜேஎஸ்' அப்படியல்ல, அவற்றில் எதை எடுப்பது என்று சொல்வதே அதுதான். அதை பிரவுசரோ என்ஜின்எக்ஸோ சேமித்துவைத்தால், புதிய வார் ஏறிய மறுநிமிடமே அது சர்வரில் இல்லாத பழைய கோப்பைக் கேட்கும். 404 (கோப்பு இல்லை) பிழை வரும், திரை வெள்ளையாக நிற்கும். "எனக்கு ஓடுகிறதே, அவருக்கு ஏன் ஓடவில்லை?" என்ற சண்டைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். புதிய வாரை ஏற்றியதும் பிரவுசரின் நெட்வொர்க் பட்டியலில் அந்த ஒரு கோப்பின் கேச்-கன்ட்ரோல் ஹெடரைப் பாருங்கள், 'நோ-கேச்' என்று இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஜாவா வெப் டெவலப்பர்கள் சிலர்,
சென்னை.