விருதுநகர் மாவட்டக் கால்நடை மருத்துவமனையில் செல்லப் பிராணிகளுக்கான இயன்முறை சிகிச்சைப் பிரிவு கோரி மனு

அனுப்புநர்
நாய் வளர்ப்போர் சார்பாக,
இராஜபாளையம், விருதுநகர் மாவட்டம்.
(பெயர்களும் கையொப்பங்களும் தனித்தாளில்)

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்பு மற்றும் மருத்துவப் பணிகள் துறை,
சென்னை.

பொருள்: அறுவை சிகிச்சையும் விபத்துக் காயமும் கண்ட செல்லப் பிராணிகளுக்கு இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) கிடைக்கச் செய்ய வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் ஊரின் பெயரையே தாங்கிய நாயினத்துக்கு இந்திய அஞ்சல் துறை 2005-இல் தபால்தலை வெளியிட்டது. தங்கள் துறையும் சைதாப்பேட்டையில் நாட்டு நாயினங்களைப் பெருக்கும் பிரிவை நடத்தி வந்திருக்கிறது. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்று இந்த வட்டாரத்தில் நாய் இல்லாத தோட்டத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த நாய்கள் அடிபட்டால் என்ன ஆகின்றன என்பதைப் பற்றியதே இந்த மனு.

முறிந்த எலும்புக்கு உலோகத் தட்டும் கம்பியும் வைத்துச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை இன்று எட்டாத ஒன்றல்ல. அரசுக் கால்நடை மருத்துவர்கள் குறைந்த வசதியில் நிறைந்த வேலை செய்கிறார்கள். அவர்கள் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அறுவை முடிந்த மறுநாளிலிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது. "ஓட விடாதீங்க, ஓய்வு குடுங்க, தையல் பிரிக்க வாங்க" என்பதோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிறோம். அதற்குப் பிறகு அந்தக் காலை எப்போது அசைக்க வேண்டும், எவ்வளவு அசைக்க வேண்டும், எப்போது ஊன்ற விட வேண்டும் என்று சொல்லித்தர ஆளில்லை.

எங்கள் பகுதியில் பைக் மோதித் தொடை எலும்பு முறிந்த ஒரு சிப்பிப்பாறைக் குட்டியைச் சொல்ல வேண்டும். வளரும் குட்டிக்கு எலும்பு வேகமாகக் கூடும். அதே வேகத்தில், முறிவைச் சுற்றியுள்ள முன்தொடைத் தசை எலும்போடு ஒட்டிச் சுருங்கவும் வாய்ப்புண்டு. கால் அசையாமல் கட்டிலேயே இருந்தால் முட்டி மடங்காமல் விறைத்து, கால் நேராக நீட்டியபடி நின்றுவிடும். இந்தக் குட்டிக்கு அதுதான் நடந்தது. எலும்பு கூடிவிட்டது, கால் போய்விட்டது. அறுவைக்குப் பின் மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து தினமும் சில வேளை அந்த முட்டியை மெல்ல மடக்கி நீட்டியிருந்தால் இது பெரும்பாலும் நேராது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டோம். ஒருமுறை இப்படி விறைத்த காலை மீண்டும் அறுத்து மீட்பது மிக அரிது. பந்தயக் குதிரைபோல் ஓட வேண்டிய நாய் இன்று மூன்று காலில் தோட்டத்தைச் சுற்றி வருகிறது.

முதுகுத்தண்டு பாதித்த நாய்களின் நிலை இதைவிடக் கொடியது. டாஷ்ஹண்ட் போன்ற நீண்ட முதுகும் குட்டைக் காலும் உடைய நாய்களுக்கு முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற வட்டு (டிஸ்க்) பிதுங்கிப் பின்னங்கால்கள் செயலிழப்பது அடிக்கடி காணும் நோய். லாரியில் அடிபட்ட தெருநாய்க்கும் இதே கதிதான். பலருக்குத் தெரியாத ஒன்று, இவற்றில் பல தாமாகச் சிறுநீர் கழிக்கவும் முடியாது என்பது. நாளில் மூன்று நான்கு முறை அடிவயிற்றைப் பக்குவமாக அழுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். தவறினால் தொற்று வரும், சிறுநீர்ப்பை கெடும். நிரம்பி வழிந்து சொட்டுவதைப் பார்த்து "நல்லாத்தான் போகுது" என்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடாவிட்டால் இடுப்பெலும்பு மேட்டில் படுக்கைப் புண் வரும். கால் நுனியை அழுத்தினால் ஆழ்ந்த வலியை உணரும் நாய்களில் பெரும்பாலானவை உரிய சிகிச்சையும் தொடர் பயிற்சியும் கிடைத்தால் வாரக்கணக்கில் தேறி மீண்டும் நடக்கக்கூடியவை. அந்த வாரங்களைத் தாண்டுவதற்குத் துணையில்லாமல்தான் "ஊசி போட்டுருங்க டாக்டர்" என்று, உயிரைப் போக்கும் ஊசியைக் கண்ணீரோடு கேட்கிறார்கள்.

வழிகாட்ட ஆளில்லாத இடத்தில் கைவைத்தியம் நுழைகிறது. தட்டு வைத்த காலை எண்ணெய் போட்டு உருவுகிறார்கள். கிணற்றிலோ கண்மாயிலோ நீந்தவிட்டால் சரியாகும் என்று தையல் ஆறுமுன்பே தள்ளிவிடுகிறார்கள். இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. தண்ணீர் நல்ல மருந்தே. இடுப்பளவு நீரில் நிற்கும் நாயின் கால்கள் அதன் உடல் எடையில் ஏறத்தாழ 38 விழுக்காட்டை மட்டுமே தாங்குகின்றன. அதனால்தான் நீருக்குள் இயங்கும் நடைமேடையை (டிரெட்மில்) இயன்முறை சிகிச்சையில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் புண் ஆறிய பிறகு, அளந்த ஆழத்தில், அளந்த நேரம், மருத்துவர் சொன்னபடி செய்ய வேண்டியது அது.

அப்படிப்பட்ட விலையுயர்ந்த கருவியை இப்போதே எங்கள் மாவட்டத்துக்குத் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. இந்தச் சிகிச்சையில் பெரும்பகுதி கைகளால் செய்வது. வழுக்காத ரப்பர் விரிப்பிட்ட ஓர் அறை, சிறு சாய்தளம், தாண்டி நடக்கத் தாழ்வான கட்டைகள், இடுப்பைத் தாங்கிப் பிடிக்கும் துணிப்பட்டை, ஒத்தடத்துக்கான பைகள். இவ்வளவு இருந்தாலே தொடங்கிவிடலாம். மாவட்டத்தின் கால்நடை மருத்துவமனைகளில் ஒன்றில் இதற்கென ஓர் அறையும், வாரத்தில் குறித்த நாட்களும் ஒதுக்க வேண்டும் என்பதே எங்கள் தலையாய கோரிக்கை. சென்னைக்கோ பிற நகரங்களுக்கோ போய்வருவது ஒருநாள் அறுவைக்கு முடியும். வாரக்கணக்கான பயிற்சிக்கு முடியாது. நடக்க முடியாத நாயைப் பேருந்தில் ஏற்ற மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் வாடகை வண்டி பிடிக்கக் கூலி வேலை செய்பவரால் இயலாது.

மாடு, ஆடு, தடுப்பூசி முகாம் என்று ஏற்கெனவே திணறும் மருத்துவர்கள் மீது மேலும் சுமை ஏற்றுவதும் எங்கள் எண்ணமல்ல. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வழியாக ஒரு மருத்துவருக்கும் ஓர் உதவியாளருக்கும் குறுகிய காலப் பயிற்சி அளித்தால், மருத்துவர் திட்டமிட்டுத் தர, உதவியாளர் பயிற்சி கொடுக்கலாம். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், கால்நடை மருத்துவத் தொழிலைப் பதிவுபெற்ற மருத்துவர் கையில்தான் வைத்திருக்கிறது. இந்தப் பிரிவும் அவர் மேற்பார்வையில் நடப்பதே முறை.

பிரிவு அமையும்வரை காத்திராமல் உடனே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. எலும்பு முறிவு, முதுகுத்தண்டு பாதிப்பு ஆகிய இரண்டுக்குமாவது, படங்களுடன் எளிய தமிழில் வீட்டுப் பராமரிப்புத் தாள் அச்சிட்டு, வீட்டுக்கு அனுப்பும்போதே கையில் தர வேண்டும். சிறுநீர் வெளியேற்றும் முறையை மருத்துவமனையிலேயே வளர்ப்பவரைச் செய்யவைத்துப் பார்த்து அனுப்ப வேண்டும். டைல்ஸ் தரையில் சாக்கு விரித்து நடக்கவிடுங்கள் என்ற ஒரு வரி கூட எலும்பில் வைத்த எத்தனையோ தட்டுகள் நழுவாமல் காக்கும்.

மனிதருக்கு இயன்முறை சிகிச்சை வேண்டும் என்பதை உணர்ந்து, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது நம் அரசு. விலங்கை வைத்திருப்பவர் அதன் நலனைப் பேணித் தேவையற்ற வலியைத் தடுக்க வேண்டும் என்று 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 3-ஆம் பிரிவில் கடமை விதிக்கிறது. அந்தக் கடமையைச் செய்ய நாங்கள் விரும்புகிறோம். அதற்கான வழியைத்தான் கேட்கிறோம்.

அறைக்கு வேண்டிய விரிப்பு, கட்டைகள், சாய்தளம் ஆகியவற்றை எங்கள் செலவில் செய்துதரவும், பயிற்சி நாட்களில் நாய்களைத் தூக்கிப் பிடிக்க முறைவைத்து ஆள் அனுப்பவும் சம்மதிக்கிறோம். தாங்கள் இம்மனுவைப் பரிசீலித்து, மாவட்ட மண்டல இணை இயக்குநரிடம் அறிக்கை பெற்று, எடுக்கும் முடிவை எங்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: இராஜபாளையம்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நாய் வளர்ப்போர்