பாதாம் பூ படம் பாத்த நாள்

அன்புள்ள அண்ணா,

நான் நல்லா இருக்கேன். அண்ணி, பாப்பா, அம்மா எல்லாரும் எப்படி இருக்கீங்க? சனிக்கிழமை ராத்திரி நீ மூணு தடவ கூப்பிட்டிருக்க, எடுக்க முடியல, கோவிச்சுக்காத. ஆம்ஸ்டர்டாம்லேந்து திரும்புற ட்ரெயின்ல உக்காந்த உடனே தூங்கிட்டேன், எதிர்ல உக்காந்திருந்த ஒரு வயசான அம்மா தோளத் தட்டி ஐந்தோவன் வந்துடுச்சுன்னு எழுப்பி விட்டாங்க, இல்லன்னா அதே ட்ரெயின்ல மாஸ்ட்ரிக்ட் வரைக்கும் போயிருப்பேன். போன்ல சொன்னா பாதியில கட் ஆயிடும், இதெல்லாம் நிதானமா சொல்லணும்னு தோணுச்சு, அதான் எழுதுறேன்.

வியாழன் வெள்ளி ரெண்டு நாளும் ராய் கன்வென்ஷன் சென்டர்ல கான்ஃபரன்ஸ். என் போஸ்டர் பக்கத்துலயே நின்னு வர்றவங்களுக்கெல்லாம் வெளக்கம் சொல்லணும், நல்லபடியா முடிஞ்சுது, மேனேஜருக்கும் சந்தோஷம். ஆனா அப்பவே காலு வலி. சனிக்கிழமை ஃப்ரீ, ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி மியூசியம் எல்லாம் பாத்துடலாம்னு டீம்ல அஞ்சு பேரு பிளான் போட்டோம், ஒரே நாள்ல மூணு மியூசியம். ரெண்டாம் உலகப் போர்ல ஒளிஞ்சிருந்து டைரி எழுதின பொண்ணு ஆன் ஃபிராங்க், அவ வீட்டுக்குப் போகணும்னு எனக்கு ரொம்ப ஆச, அதுக்கு டிக்கெட் ஆறு வாரத்துக்கு முன்னாடியே செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை ஆன்லைன்ல விடுவாங்களாம், எங்களுக்குக் கிடைக்கல.

காலைல மெட்ரோல ஃபைசல்கிராக்ட் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தோம். ரைக்ஸ் மியூசியம் 1885ல தொறந்த கட்டடம், கோட்டை மாதிரி இருக்கு, அதோட நடு வயித்துல ஒரு பாதை போகுது, அதுல சைக்கிள்காரங்க மணி அடிச்சுக்கிட்டே போறாங்க. இந்த மெயின் கட்டடத்த 2003லேந்து 2013 வரைக்கும் பத்து வருஷம் ரிப்பேருக்காக மூடி வச்சிருந்தப்ப இந்தப் பாதைய மாத்தக் கூடாதுன்னு சைக்கிள் ஓட்டுறவங்க விடாம சண்ட போட்டிருக்காங்க, கடைசில பாதை பாதையாவே இருக்கு. எனக்கு இந்த நாட்டுல பிடிச்ச விஷயம் இதுதான்.

உள்ள 80 அறை, 8000 பொருள். முதல் ரெண்டு மணி நேரம் ஒண்ணு விடாம பேரு, வருஷம் எல்லாம் படிச்சேன், அதுக்கப்புறம் கண்ணு மட்டும் பாக்குது மனசுல எதுவும் ஏறல. கூட வந்த ஒரு சீனியர் சொன்னாரு, இதுக்குன்னே மியூசியம் சோர்வுன்னு ஒரு பேரு இருக்காம், 1916லயே பாஸ்டன் மியூசியத்துல வேல பாத்த பெஞ்சமின் கில்மன்னு ஒருத்தர் இதப் பத்தி எழுதியிருக்காராம். ஒரு ஆள மியூசியத்துல நடக்க விட்டு, கண்ணாடிப் பெட்டிய பாக்க எப்படிக் குனியறாரு, எப்படி கழுத்த வளைக்கிறாருன்னு போட்டோ எடுத்து, தப்பு பாக்குறவங்க மேல இல்ல, பொருள வச்சிருக்கிற விதத்துலயும் இருக்குன்னு காட்டினாராம். அதக் கேட்டப்புறம் எனக்கு கொஞ்சம் தெம்பு வந்துச்சு, அதுலேந்து எல்லாத்தையும் பாக்கணும்ங்கிற நெனப்ப விட்டுட்டேன்.

நைட் வாட்ச்ங்கிற பெரிய படத்த பாத்தேன், ரெம்ப்ராண்ட் 1642ல வரைஞ்சது. நாலரை மீட்டர் அகலம், அதுவே வெட்டினதுக்கு அப்புறம் மிஞ்சினது! 1715ல டவுன் ஹாலுக்குக் கொண்டு போனப்ப செவுத்துல பத்தலன்னு நாலு பக்கமும் வெட்டிட்டாங்களாம், வெட்டின துண்டு இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல. ரெண்டாம் உலகப் போர்ல அத சுருட்டி ஒளிச்சு வச்சு, கடைசில மாஸ்ட்ரிக்ட் பக்கத்துல ஒரு குகைக்குள்ள வச்சிருந்தாங்க. கூட்டம்னா கூட்டம், எல்லாரும் கைய தூக்கி போன்ல எடுக்குறாங்க. அதே மாடியில வெர்மீர் வரைஞ்ச பால் ஊத்துற பொண்ணு இருக்கு, அர மீட்டர் கூட இல்லாத சின்னப் படம், ஒரு வேலைக்காரப் பொண்ணு சட்டியில பால் ஊத்துறா, அவ்ளோதான், ஆனா அந்த ஜன்னல் வெளிச்சத்தையும் அவ கவனத்தையும் பாத்தா நம்ம பேசுனா கூட அவ கை ஆடிடுமோன்னு இருக்கும். அங்க ரொம்ப நேரம் நின்னேன்.

அப்புறம் அண்ணா, நம்ம நடராஜர் அங்க இருக்காரு. ஆசியப் பெவிலியன்னு தனிக் கட்டடம், சுத்தி தண்ணி, அங்க கூட்டமே இல்ல. சோழர் காலத்து வெண்கலம், ஒன்ற மீட்டர் உசரம், கிட்டத்தட்ட 300 கிலோ, உள்ளுக்குள்ள பொள்ளலே இல்லாம முழுசா வார்த்ததுன்னு எக்ஸ்ரே எடுத்துக் கண்டுபிடிச்சிருக்காங்க, சாதாரண மிஷின் பத்தாம ராட்டர்டாம் துறைமுகத்துல லாரி கண்டெய்னர ஸ்கேன் பண்ற மிஷின்ல வச்சாங்களாம். மத்தவங்க எல்லாம் சுத்திப் பாத்துட்டுப் போயிட்டாங்க, எனக்கு நகர மனசு வரல. பூ இல்ல, விளக்கு இல்ல, கண்ணாடிச் செவுரும் தண்ணியும்தான். செருப்பு கழட்ட முடியாத எடத்துல சாமி முன்னாடி நின்னது எனக்கு என்னமோ பண்ணுச்சு, மனசுக்குள்ள கும்பிட்டுட்டு வந்தேன்.

ரெண்டு மணிக்கு வான் கோ மியூசியம், டைம் போட்ட டிக்கெட், லேட்டா போனா விடமாட்டாங்களோன்னு சாப்பிடாம ஓடினோம். எதிர்ல புல்வெளியத் தாண்டினா வந்துடும், ஆனா அந்தக் கொஞ்ச தூரமே எனக்கு ஒரு மைல் மாதிரி இருந்துச்சு.

வான் கோங்கிற இந்த ஓவியர எனக்கு ஏன் பிடிக்கும்னா நான் இருக்குற ஐந்தோவனுக்குப் பக்கத்து ஊரு நூனன்ல ரெண்டு வருஷம் இருந்திருக்காரு. ஞாயித்துக்கிழமைல அங்க சைக்கிள்ல போவேன்னு சொல்லியிருக்கேன்ல, ராத்திரில கல்லு மினுமினுன்னு எரியுற பாதை, அது அவர் நெனவா 2014ல போட்டது. அந்த ஊருலதான் உருளக்கெழங்கு சாப்பிடுறவங்க படத்த 1885ல வரைஞ்சாரு. ஒரு விளக்கு, அஞ்சு பேரு, எலும்பு துருத்தின கை. தட்டுல நீட்டுற இந்தக் கையாலதான் மண்ணத் தோண்டினாங்க, அத காட்டணும்னு தம்பி தியோவுக்கு எழுதியிருக்காரு. எவ்ளோ லெட்டர் தெரியுமா! அவர் எழுதினதுல 800க்கு மேல இன்னும் இருக்கு, அதுல 650 கிட்ட தியோவுக்கு. தியோதான் மாசாமாசம் காசு அனுப்புனது, பெயிண்டு, துணி, சாப்பாடு எல்லாத்துக்கும். அந்த எடத்துல நான் ஒன்ன நெனச்சேன். என் காலேஜ் ஃபீஸ் கட்டுன நாலு வருஷமும் நீ ஒரு புது சட்ட எடுக்கல, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?

மேல போனப்ப காலு ரெண்டும் மரத்துப் போச்சு, ஒரு பெஞ்ச் காலியா இருந்துச்சுன்னு உக்காந்தேன். எதிர்ல பாத்தா பாதாம் பூ படம். நீல வானம், வளைஞ்ச கிளை, வெள்ளப் பூ. 1890 ஜனவரி 31ல தியோவுக்குப் பையன் பொறந்தான், அண்ணன் பேரையே வின்சென்ட்னு வச்சாங்க. அப்ப வான் கோ ஃபிரான்ஸ்ல சான் ரெமிங்கிற ஊர்ல மனநல விடுதியில இருக்காரு, கொழந்தைய பாக்க வர முடியல, அதனால பிப்ரவரில இந்தப் படத்த வரைஞ்சு அனுப்பினாரு, அவங்க படுக்கையறைல மாட்டிக்கட்டும்னு. தியோவோட சம்சாரம் யோ பதிலுக்கு எழுதியிருக்காங்க, தொட்டிலுக்கு மேல இருக்குற பூ மரத்தையே கொழந்த உத்து உத்துப் பாக்குதுன்னு. அந்த வருஷமே ஜூலைல அவரு போயிட்டாரு, ஆறே மாசத்துல தியோவும். 28 வயசுல கைக்கொழந்தையோட நின்ன யோதான் அந்தப் படத்தையெல்லாம் காப்பாத்தி எடுத்துட்டு வந்தாங்க, லெட்டரையெல்லாம் தொகுத்து 1914ல புத்தகமாவும் போட்டாங்க. அந்தக் கொழந்த வளந்து எஞ்சினியர் ஆகி, பெரியப்பா படத்த எல்லாம் எல்லாரும் பாக்கணும்னு அறக்கட்டளை வச்சு, 1973ல தொறந்ததுதான் நான் உக்காந்திருந்த அந்த மியூசியம்.

நம்ம பாப்பாவுக்கு நாலு மாசம் ஆச்சு, நான் இன்னும் போன்லதான் பாக்குறேன். அவ கொட்டாவி விட்டா இங்க எனக்குத் தொண்டை அடைக்குது. பெஞ்சுல உக்காந்து கொஞ்சம் அழுதுட்டேன் அண்ணா, அம்மாகிட்ட சொல்லாத.

மூணாவது மியூசியம் ஸ்டெடெலிக், குளியல் தொட்டி மாதிரி வெள்ளையா இருக்கும், அதுல மத்தவங்க மட்டும் போனாங்க, நான் வெளிய புல்லுல ஷூவ கழட்டிப் போட்டு ஒக்காந்துட்டேன். 

அந்தப் பூ படத்தோட பிரிண்ட் ஒண்ணு வாங்கியிருக்கேன், குழாய்ல சுருட்டிக் குடுத்தாங்க. டிசம்பர்ல மூணு வாரம் லீவு ஓகே ஆயிடுச்சு, கையோட கொண்டு வரேன். பாப்பா படுக்குற எடத்துக்கு நேர் மேல வேணாம், ஃபிரேம் விழுந்துடும்னு பயமா இருக்கு, அவ திரும்பிப் படுத்தா தெரியிற மாதிரி பக்கத்து செவுத்துல மாட்டலாம். அந்தச் செவுரு எவ்ளோ அகலம்னு அளந்து அண்ணிய எனக்கு அனுப்பச் சொல்லு, நான் வர்றதுக்குள்ள ஆணி மட்டும் அடிச்சு வை.

உன் தங்கச்சி