அப்பாவுக்கு, பிரஸ்டன்ல இருந்து

அன்புள்ள அப்பா,

நல்லா இருக்கீங்களா, அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா. அன்னைக்கு போன்ல கேட்டீங்கல்ல, "அங்கயும் வீட்டு வரி வாங்குறானே, வாங்கிட்டு என்னதான்டா செய்றான்"னு, அப்ப பஸ் வந்துருச்சு, சரியா பதில் சொல்ல முடியல. அதான் உக்காந்து எழுதுறேன்.

நான் இருக்குற பிரஸ்டன், மெல்போர்னுக்கு வடக்கால, டேர்பின் கவுன்சில்ல வருது. நம்ம நகராட்சி மாதிரின்னு வெச்சுக்கங்க. வரிக்கு இங்க ரேட்ஸ்னு பேரு, வருஷத்துக்கு நாலு தவணையா கட்டலாம். 2016 டிசம்பர்ல, காலநிலை அவசரநிலைன்னு உலகத்துலயே முதல்ல தீர்மானம் போட்ட கவுன்சில் இதுதான். ஆனா தீர்மானம் யாரு வேணா போடலாம்ப்பா, எனக்கு இவங்க மேல மரியாதை வந்தது பக்கத்து வீட்டு யாயாவாலதான்.

யாயான்னா கிரேக்கத்துல பாட்டி, இந்த பக்கம் கிரேக்கக்காரங்க, இத்தாலிக்காரங்க நிறைய. அவங்களுக்கு வயசு 80 தாண்டிருச்சு, தனியா இருக்காங்க, பென்ஷன்தான் வருமானம். 2014 ஜனவரியில இங்க தொடர்ந்து நாலு நாள் 41 டிகிரிக்கு மேல வெயில் அடிச்சிருக்கு, வீட்ல ஏசி இருந்தும் கரண்ட் பில்லுக்கு பயந்து அதை போடாம, பாத்ரூம் தரையில ஈரத் துண்டை விரிச்சு நாலு நாளும் அது மேலயே கிடந்தேன்னு சொன்னாங்க. கேக்கவே கஷ்டமா இருந்துச்சு.

அந்த வருஷம்தான் கவுன்சில் சோலார் சேவர்னு, வீட்டுக் கூரையில சோலார் பேனல் போட்டுக் கொடுக்குற ஒரு திட்டத்தை ஆரம்பிச்சுச்சு. முதல்ல எடுத்துக்கிட்டது பென்ஷன்காரங்க வீடுங்களை, கிட்டத்தட்ட 300 வீடு. பேனல் போடுற செலவு முழுசையும் கவுன்சில் முதல்ல போட்டுரும், வட்டி கிடையாது, 10 வருஷத்துல ரேட்ஸோட சேத்து கொஞ்சம் கொஞ்சமா நாம திருப்பி கட்டணும், கரண்ட் பில்லுல மிச்சமாகுற காசு கட்டுற தவணையை விட கூட இருக்குற மாதிரி கணக்கு போட்டு வெச்சிருந்தாங்க. யோசிச்சு பாருங்கப்பா, 70 வயசு ஆளுக்கு எந்த பேங்க் லோன் கொடுக்கும்? வீட்டு வாசல்ல வந்து நிக்கிற சோலார் கம்பெனிக்காரன்ல எவன் நல்லவன், எவன் ஏமாத்துறவன்னு அவங்களுக்கு எப்படி தெரியும்? அந்த ரெண்டு பாரத்தையும் கவுன்சில் தூக்கிக்கிச்சு. பென்ஷன்காரங்கன்னா பகல்ல வீட்லயே இருப்பாங்க, சோலாரும் பகல்லதான் ஓடும், வர்ற கரண்ட்டை அப்பவே செலவு பண்ணிக்கலாம், அதையும் யோசிச்சுத்தான் செஞ்சிருக்காங்க. ஒரு விஷயம் உங்களுக்கு பிடிக்கும், இங்க சூரியன் வடக்கு பக்கமா சாஞ்சு போகும், அதனால யாயா வீட்டு பேனல் எல்லாம் வடக்கு பாத்துத்தான் இருக்கு. கடைசி தவணை கட்டின ரேட்ஸ் பேப்பரை பத்திரமா மடிச்சு பிரிட்ஜ் கதவுல காந்தத்துல ஒட்டி வெச்சிருக்காங்க, யாரு வந்தாலும் காட்டுவாங்க. இப்பல்லாம் வெயில் ஏறுனா மதியம் என்னையும் கூப்பிட்டு ஏசி போட்டு உக்கார வெக்கிறாங்க.

இதுல ஒரு குறை உண்டு, கூரை சொந்தமா இருந்தாத்தான் இந்த மாதிரி திட்டம் லேசா அமையும். என்னை மாதிரி வாடகைக்கு இருக்குறவங்களுக்கு கஷ்டம்தான்.

முன்னாடி நான் வேற ஏரியால இருந்தேன்ல, அங்க கவுன்சில்காரங்க ஒரு மரத்தை வெட்டலாமான்னு கருத்து கேக்குறோம்னு ஒரு ஃபார்ம் அனுப்புனாங்க, ராத்திரி உக்காந்து ரெண்டு பக்கம் எழுதி அனுப்புனேன், அடுத்த வாரமே மரத்தை வெட்டிட்டாங்க, முடிவு பண்ணிட்டுத்தான் கேட்டிருக்காங்க. அதுக்கு கேக்காமலே இருந்திருக்கலாம். ஜனங்களோட சேந்து செய்றதுன்னா யாயாவோட பயம் என்னன்னு முதல்ல தெரிஞ்சுக்கிட்டு அங்கருந்து ஆரம்பிக்கறதுதான்னு எனக்கு இங்க வந்தப்புறம்தான் புரிஞ்சுச்சு.

போன மாசம் மெரி க்ரீக் கரையில செடி நட போனேன். மெரி மெரின்னா இந்த மண்ணோட பூர்வகுடி பாஷையில பாறை நிறைஞ்சதுன்னு அர்த்தம், உண்மையிலயே மண்வெட்டியை போட்டா டங்குனு கல்லுல படுது. ஒரு காலத்துல ஆலைக் கழிவும் குப்பையும் கொட்டி நாறிப்போன ஓடைப்பா இது, கரையில இருக்குற கவுன்சில்களும் சுத்துப்பட்டு ஜனங்களும் 1989ல சேந்து ஒரு கமிட்டி வெச்சு, இன்னைக்கு வரைக்கும் நட்டுக்கிட்டே இருக்காங்க. இங்க குளிர்காலத்துலதான் நடுவாங்க, மண்ணு ஈரமா இருக்கும், வெயிலுக்கு முன்னாடி வேர் பிடிச்சுரும். விரல் தடிமன்ல கங்காரு புல்லு நாத்து, அதை நட்டு சுத்தி மூணு மூங்கில் குச்சி அடிச்சு முயல் கடிக்காம உறை மாட்டணும். என் பக்கத்துல ஒரு அஞ்சு வயசு பொண்ணு, நட்ட ஒவ்வொண்ணுக்கும் குனிஞ்சு ஏதோ சொல்லிட்டு சொல்லிட்டு போச்சு. காணாமப் போன ஒரு மீன்கொத்தி வகை 90கள்ல இந்த ஓடைக்கு திரும்பி வந்துச்சாம், அதுக்கு விழாவே எடுத்திருக்காங்க. நான் இன்னும் பாக்கல, பாத்தா போட்டோ அனுப்புறேன்.

குச்சி அடிக்கிறப்ப உங்க ஞாபகம்தான். 2003ல மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு அரசாங்கம் சொன்னப்ப நீங்களும் நானும் கிணத்தோரம் குழி வெட்டி கூழாங்கல்லு கொட்டுனோமே, அடுத்த மழைக்கே கிணத்துல தண்ணி ஏறிருச்சுன்னு அம்மா தெரு பூரா சொன்னாங்களே. அப்ப குழி இருக்கான்னு பாக்க ஆள் வந்தாங்க, அப்புறம் அது வேலை செய்யுதான்னு கேட்டு நம்ம தெருவுக்கு யாருமே வரல.

அந்த குழியில கல்லை எடுத்து அலசி எத்தனை வருஷம் ஆகுதுப்பா? ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு ஆளை வெச்சு மேல படிஞ்ச சேறை அள்ளிருங்க, நீங்க குனிய வேணாம், கூலி நான் அனுப்புறேன். பக்கத்து ரெண்டு வீட்லயும் கேளுங்க, ஒரே நாள்ல மூணு குழியும் முடிச்சுரலாம்.

உங்க மகன்