அந்தப் பெயரைப் பற்றி மகளுக்கு

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
பங்குனி, ஞாயிறு சாயங்காலம்

கண்ணு,

புது வேலைக்குப் போகிற ஊரிலும் விட்ச், அதாவது சூனியக்காரி, என்றே சொல்லிக்கொள்வேன் என்று போன வாரம் நீ போனில் சொன்னதற்கு நான் பதில் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. என் மனதில் தைத்ததைத் தமிழில்தான் என்னால் சொல்ல முடியும். நீ ஆங்கிலத்தில் பேசினால் நானும் அதற்கே போய்விடுகிறேன், அப்புறம் சொல்ல வந்தது எங்கோ நின்றுவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். மெதுவாகப் படி. புரியாத சொல்லுக்குக் கீழே கோடு போட்டு வை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேப் டவுனில் இருந்து வந்தபோது, "அம்மா, நான் விக்கா வழியில் இருக்கிறேன், நான் ஒரு விட்ச்" என்று அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னாய். நான் கேட்டதெல்லாம் எந்தத் தாயும் கேட்பதுதான். சாத்தானைக் கும்பிடுகிறாயா? யாருக்காவது செய்வினை வைப்பாயா? ராத்திரியில் துணியில்லாமல் காட்டில் நிற்பீர்களா? இனிமேல் கோயிலுக்கு வருவாயா? ஒவ்வொன்றுக்கும் நீ பொறுமையாகப் பதில் சொன்னாய். சாத்தான் கிறிஸ்தவர்களுடைய கதையில் வருகிறவன், எங்களுக்கு அவன் இல்லை என்றாய். எங்களுக்கு ஒரு அம்மன், கொம்பு வைத்த ஒரு சாமி, நான்கு திசை, நிலா, பருவம், அவ்வளவுதான் என்றாய். துணி விஷயம் சில பழைய குழுக்களின் வழக்கம், நான் தனியாகச் செய்கிறவள், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டுதான் நிற்பேன் என்றாய். கோயிலுக்கும் வந்தாய். ஆடி மாதம் கூழ் ஊற்றியபோது என்னோடு நின்று பானையைக் கிண்டினாய்.

அப்புறம் நானும் நூலகத்தில் தேடிப் படித்தேன். உன்னை மடக்குவதற்காக இல்லை. என் பெண் எதைக் கும்பிடுகிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

படித்ததில் ஒன்று என்னை உட்கார வைத்துவிட்டது. உங்கள் வழியை உலகத்துக்குச் சொன்ன ஜெரால்ட் கார்ட்னர் 1884-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1900-ல், பையனாக இருக்கும்போதே, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். அப்புறம் போர்னியோ, மலாயா, அங்கே சுங்க அதிகாரி வேலை. அந்தத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் யார்? நம் ஜனங்கள். அவர்கள் குடியிருந்த வீட்டு வரிசைகளில், லயத்துக்கு லயம், மாரியம்மன் வைத்துக் கும்பிட்டவர்கள். அவர் அதையெல்லாம் பார்த்தாரா, மனதில் வைத்தாரா, எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் படிக்கும்போது உன் சாமி எனக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போல இருந்தது.

நீ இது ஆயிரக்கணக்கான வருஷத்து மதம் என்றாய். அது சரியில்லை, கண்ணு. இங்கிலாந்தில் 1735-ஆம் ஆண்டு போட்ட மந்திரவாதச் சட்டம் 1951-ல்தான் நீங்கியது. அதற்குப் பிறகு, 1954-ல் கார்ட்னர் தன் புத்தகத்தைப் போட்டார். பழைய மதம் ஒன்று ஐரோப்பாவில் மறைவாகத் தொடர்ந்து வந்தது என்று மார்கரெட் மர்ரே என்ற அம்மாள் 1921-ல் எழுதியதை அவர் நம்பினார். இப்போது வரலாறு படித்தவர்கள் அதை ஏற்பதில்லை. நீ உருகி உருகிச் சொல்கிற அம்மன் வாக்கு இருக்கிறதே, அதற்கு இன்றைய உருவம் கொடுத்தவர் டோரீன் வாலியென்டே என்ற பெண். கார்ட்னரோடு இருந்தவர். உன் பாட்டி காலத்துப் பெண்தான். இதில் குறைவு என்ன இருக்கிறது? நம் அம்மனுக்குப் பாடுகிற தாலாட்டையும் யாரோ ஒருத்தி ஒரு நாள் முதன்முதலாகப் பாடியிருப்பாள். புதுசு என்றே சொல். பழசு என்று சொல்லித்தான் மதிப்பு வர வேண்டும் என்று இல்லை.

நீ செய்கிறதில் பாதி நம் வீட்டிலும் இருக்கிறது என்று சொல்வாய். எனக்கும் தெரிகிறது. நீ உப்பும் தண்ணீரும் தெளித்து வட்டம் போடுகிறாய். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது காய்ச்சல் என்றால், நான் கையில் கல்லுப்பும் மூன்று காய்ந்த மிளகாயும் எடுத்து, உன் தலையிலிருந்து கால் வரை மூன்று தரம் சுற்றிக் கரியில் போடுவேன். நெடி வந்தால் சும்மா காய்ச்சல், நெடியே வரவில்லை என்றால் கண்ணு பட்டிருக்கிறது. நீ மூக்கைப் பொத்திக்கொண்டு "இன்னும் வரலை, இன்னும் வரலை" என்று கத்துவாய். வேம்பு இங்கே லேசில் கிடைக்காது என்று சிரிங்கா இலையை வேப்பிலை என்று வாசலில் கட்டுகிறவர்கள் நாம். நீ வடக்கு நாட்டுப் பண்டிகையைத் திருப்பிப் போட்டு, அங்கே டிசம்பர் குளிரில் வருகிற யூல் என்பதை நம் குளிர்காலமான ஜூனில் கொண்டாடுவதைப் பார்த்து நான் ஏன் ஆச்சரியப்பட வேண்டும்? ஊர் மாறினால் சாமியும் நம்மோடு மாறித்தான் ஆக வேண்டும். 1860-ல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற முதல் கூலிக் கப்பலில் இங்கே வந்து இறங்கியவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

உன் சின்னம்மா மகள் உன்னிடம் வசியம் கேட்டாளாம். அவளே சொல்லி அழுதாள். புருஷனைத் திரும்பி வர வைக்க ஏதாவது செய் என்று கெஞ்சினாளாம். இன்னொருத்தர் மனதைக் கட்டுவது எங்கள் வழியில் தப்பு என்று நீ மறுத்துவிட்டு, ராத்திரி இரண்டு மணி வரை அவளோடு பேசிக்கொண்டிருந்தாயாம். யாருக்கும் தீங்கில்லாமல் உன் விருப்பப்படி நட, செய்தது மும்மடங்காகத் திரும்பும் என்று நீ அன்று சொன்னபோது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. இப்போது வாங்கிக்கொண்டேன். இந்த ஊரில் விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் "போன புருஷனை மூன்று நாளில் கொண்டு வருவோம்" என்று நோட்டீஸ் ஒட்டிக் காசு பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நீ ஒரு ராண்ட்கூட வாங்காமல் அவளுக்குத் துணையாக இருந்தாய். அதில் எனக்குப் பெருமை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் இரண்டு சேதி சொன்னாய். ஜூலையில் வடக்கே லிம்போப்போ மாகாணத்தில் கிராமத்துக் கிளினிக்கில் நர்ஸ் வேலைக்குப் போகிறாய். அங்கேயும் மறைக்காமல் விட்ச் என்றே சொல்லிக்கொள்ளப் போகிறாய். ஐரோப்பாவில் லட்சக்கணக்கில் எரித்தார்களே, அவர்களுக்காக அந்தப் பெயரைச் சுமக்கிறேன் என்றாய்.

லட்சக்கணக்கில் இல்லை. முந்நூறு வருஷத்தில் நாற்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் பேர் என்கிறார்கள். இங்கிலாந்தில் எரிக்கக்கூட இல்லை, தூக்கில் போட்டார்கள். எண்ணிக்கை குறைந்ததால் பாவம் குறையாது. நான் சொல்ல வருவது வேறு. அவர்கள் விக்கா வழிக்காரர்கள் இல்லை. பெரும்பாலும் நம்மைப் போலச் சாதாரண ஜனங்கள், அதில் நிறையப் பேர் பெண்கள், அதிலும் வயதானவர்கள், துணையில்லாதவர்கள். அந்தப் பெயரை அவர்களாக வைத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வைத்தார்.

நம் வீட்டிலும் அப்படி ஒருத்தி இருந்தாள். உனக்குச் சொன்னதில்லை. என் ஆயாவின் தங்கை, நாங்கள் சின்னாயா என்று கூப்பிடுவோம். புருஷன் செத்த பிறகு டர்பனுக்கு வடக்கே கடற்கரைப் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்து லயத்தில் தனியாக இருந்தாள். கைவைத்தியம் தெரியும். துளசி, ஓமவல்லி, ஆடாதோடை எல்லாம் தகர டப்பாவில் வளர்த்தாள். எதிர் வீட்டுக் குழந்தைக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. மருத்துவமனை தூரம், வண்டி இல்லை. ஓமத்தண்ணி கேட்டார்கள், கொடுத்தாள். நாலாம் நாள் குழந்தை போய்விட்டது.

முதலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அவள் குழாயடிக்குப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் சாம்பலும் உடைந்த முட்டையும். "பிள்ளையில்லாத முண்டை, பிள்ளையைத் தின்னுட்டா" என்று குழந்தையின் தாய் தெருவில் நின்று கத்தினாள். சூனியக்காரி என்ற சொல் அன்றைக்கு அவள் மேல் ஒட்டியது. நம் தமிழ் ஜனங்கள்தான் ஒட்டினார்கள், கண்ணு. வேறு யாரும் இல்லை.

1964-ல் எங்களுக்குச் சாட்ஸ்வொர்த்தில் வீடு கிடைத்ததும் அப்பா போய் அவளைக் கூட்டி வந்தார். எனக்கு ஏழு வயது. பதினோரு வருஷம் எங்களோடு இருந்தாள். என் தம்பி பிறந்தபோது அவள் அறைக்குள் வரவில்லை. கதவு நிலையில் நின்று பார்த்தாள். குழந்தை சிணுங்கியதும் இரண்டு கையும் தானாக முன்னால் நீண்டன. அப்படியே நிறுத்தி, முந்தானைக்குள் கையைச் சுருட்டிக்கொண்டாள். "தூக்கு சின்னாயா" என்று அம்மா சொன்ன பிறகும் தூக்கவில்லை. பிறகு அம்மா எழுந்து போய் அவள் மடியில் பிள்ளையை வைத்தாள். அந்தக் கை நடுங்கியதை நான் பார்த்தேன். கடைசி வரை யார் வீட்டுக் குழந்தைக்கும் அவள் ஒரு துளசி இலைகூடக் கொடுக்கவில்லை. அந்தத் தகர டப்பாக்களை அவள் கொண்டு வரவே இல்லை.

இப்போது லிம்போப்போவை நினைத்துப் பார். இங்கே ஜூலு மக்கள் இன்யாங்கா என்றால் மூலிகை வைத்தியர், சங்கோமா என்றால் முன்னோர் அழைத்துக் குறி சொல்கிறவர். இருவருக்கும் மரியாதை உண்டு. இங்கே டர்பன் வார்விக் மூலிகைச் சந்தையில் பார்த்திருப்பாய். உம்தகாத்தி என்பது வேறு. அது ராத்திரியில் வந்து ஆளைக் கொல்கிறவளுக்கு உள்ள பெயர். வடக்கே மொலோய் என்பார்கள். நீ விட்ச் என்றால் உன் பெயரில் நிலாவும் பண்டிகையும் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் காதில் மொலோய் என்றுதான் விழும். அந்தப் பெயர் வைத்து வீட்டைக் கொளுத்தியது, கல்லால் அடித்தது எல்லாம் அந்த மாகாணத்தில் எவ்வளவு நடந்தது என்றால், அதை விசாரிக்க 1995-ல் ராலுஷாய் கமிஷன் என்று ஒன்றையே வைத்தார்கள். துரத்தப்பட்டவர்கள் ஒண்டிக்கொள்ள ஹெலினா என்று தனியாக ஒரு ஊரே அங்கே உண்டு. சின்னாயாவுக்கு அப்பா இருந்தார். இல்லாதவர்கள் அங்கே போனார்கள்.

இந்த நாட்டுச் சட்டத்தையும் பார்த்தேன். நான் பிறந்த 1957-லேயே போட்ட சட்டம். இன்னொருத்தியைச் சூனியக்காரி என்று சுட்டிக்காட்டுவதும் குற்றம், எனக்கு அந்த வித்தை தெரியும் என்று சொல்லிக்கொள்வதும் குற்றம், காசுக்குக் குறி சொல்வதும் குற்றம். கொல்லத் தூண்டுகிறவனையும் உன்னையும் ஒரே கயிற்றில் கட்டிய சட்டம். அரசியல் சாசனம் தருகிற மதச் சுதந்திரத்துக்கு இது ஒத்துவராது என்று சட்டச் சீர்திருத்த ஆணையம் 2016-ல் விவாத அறிக்கை போட்டது. உன் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் ராத்திரி உன் கதவைத் தட்ட வருகிறவன் சாசனம் படித்துவிட்டு வரமாட்டான்.

நீ நர்ஸ். உன் கையிலும் ஒரு நாள் ஒரு குழந்தை போகும். எவ்வளவு நன்றாகப் பார்த்தாலும் போகும். அன்றைக்கு வெளியே நிற்கிற தாய்க்கு உன்னைப் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று யோசி. உன்னைப் பற்றி மட்டும் இல்லை. கிளினிக்கில் கூட்டுகிற கிழவியை நீ சிநேகம் பிடிப்பாய், உன் குணம் எனக்குத் தெரியும். நீ மாற்றலாகி வந்துவிடலாம். "அந்த இந்தியச் சூனியக்காரியோடு சுற்றினவள்" என்று பெயர் வாங்கியவள் அங்கேயே இருக்க வேண்டும்.

சாமியை விடு என்று நான் சொல்லவில்லை. வட்டம் போடு, விளக்கு ஏற்று. யாராவது கேட்டால் நிலாவையும் பூமியையும் கும்பிடுகிறேன் என்று சொல், அது பொய்யும் இல்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் அங்கே வாயில் எடுக்காதே. கேப் டவுனில் வைத்துக்கொள், என் வீட்டில் வைத்துக்கொள். உங்களைப் போல இயற்கையைக் கும்பிடுகிற பேகன் ஆட்கள் வருஷா வருஷம் மார்ச் கடைசியில் தொடங்கி முப்பது நாள், சூனியக்காரி என்று சொல்லி அடிக்கிறதை நிறுத்து என்று பிரச்சாரம் செய்கிறார்களே, அதில் சேர். அங்கே உன் பெயரோடு சேர். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஏப்ரல் கடைசி ராத்திரி நீ முன்னோருக்குத் தட்டு வைப்பாய் அல்லவா? போன வருஷம் இங்கே வந்திருந்தபோது ஜன்னலோரம் சோறும் மெழுகுவர்த்தியும் வைத்ததைப் பார்த்தேன். புரட்டாசியில் நாம் வைக்கிற படையல்தான் என்று நினைத்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டேன். இந்தக் கடிதத்தோடு ஒரு பித்தளைச் சொம்பு அனுப்புகிறேன். சின்னாயாவுடையது. அடியில் நெளிந்திருக்கும், குழாயடியில் யாரோ தட்டிவிட்டது, தட்டி நேராக்காதே. புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். அதில் தண்ணீர் வை. சோறும் கருவாட்டுக் குழம்பும் வை, கத்தரிக்காய் போட்டது. சர்க்கரை இல்லாத கறுப்புக் காபி ஒரு டம்ளர். பக்கத்தில் ஒரு துளசிச் செடி, தகர டப்பாவிலேயே.

அம்மா